டாலரன்ஸைத் தளர்த்தியும் வேகமாகாத கணக்கு

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கடலூர் முதுநகரிலிருந்து வேதிப் பொறியியல் இறுதியாண்டு மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். கலனில் நடக்கும் வெப்ப உமிழ் வினை ஒன்றை மூன்று மணி நேரத்துக்குக் கணித்துப் பார்க்க வேண்டும். நான்கைந்து வகைக்கெழுச் சமன்பாடுகள்: மூலப்பொருள், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே தாக்குப்பிடிக்கும் இடைநிலைப் பொருள், விளைபொருள், வெப்பநிலை. காலத்தைச் சிறு சிறு படிகளாக வெட்டி விடையை நகர்த்திச் செல்லும் நான்காம் வரிசை ரூங்கே-குட்டா முறையைத் தானே பைதானில் எழுதி, 1 வினாடிப் படியில் ஓட்டியபோது எண்கள் சில படிகளிலேயே வெடித்துச் சிதறின. 0.001 வினாடிப் படியில் விடை வந்தது, ஆனால் முக்கால் மணி நேரம் ஆயிற்று. படி அளவைத் தானே மாற்றிக்கொள்ளும் தகவமைப்பு முறை நல்லது என்று நண்பர் சொன்னதால் பைதானின் அறிவியல் கணக்கீட்டுத் தொகுப்பான சைபையில் உள்ள ஆர்கே45 முறைக்கு மாறினார். அதுவும் நகர மறுத்தது. டாலரன்ஸை, அதாவது ஒரு படியில் பொறுத்துக்கொள்ளும் பிழையின் அளவை, ஆயிரம் மடங்கு தளர்த்திப் பார்த்தார். அப்போதும் நேரம் குறையவில்லை. "இந்த முறையின் பயன்தான் என்ன? நான் எங்கே தவறு செய்கிறேன்?" என்று கேட்கிறார். வரும் விடையை நம்பலாமா என்றும் கேட்கிறார். 80 டிகிரியைத் தொட்டதும் குளிர்நீர் வால்வு திறக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கணக்கில் உண்டாம்.

தம்பி, உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியிலேயே விடை ஒளிந்திருக்கிறது. டாலரன்ஸைத் தளர்த்தியும் நேரம் குறையவில்லை என்கிறீர்களே, அதுதான் துப்பு. அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். ஆனால் அது ஏன் துப்பு என்று விளங்க வேண்டுமானால், இந்த முறைகள் உள்ளே என்ன செய்கின்றன என்பதைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும். பெரும்பாலான பாடப்புத்தகங்கள் இதை ஒரு பக்கத்தில் முடித்துவிடுகின்றன.

படி அளவு ஏன் மாற வேண்டும் என்பதற்கு நம் ஊர் உதாரணம் போதும். அணையில் உள்ள நீரின் அளவு மாறும் வேகம் என்பது வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்தால் வருவது. இதைவிட எளிய வகைக்கெழுச் சமன்பாடு கிடையாது. சாத்தனூர் அணையின் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. வினாடிக்கு 500 கன அடி மட்டும் திறந்துவிட்டு வரத்தே இல்லாமல் இருந்தால், நிறைந்த அணை காலியாக 170 நாள் ஆகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது திறந்துவிட்டது வினாடிக்குச் சுமார் 1.68 லட்சம் கன அடி. அந்த வேகத்தில் நிறைந்த அணையே 12 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தென்பெண்ணைக் கரையில் இருந்தவர்களுக்கு அந்த 12 மணி நேரம் எப்படிப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதே அணை, அதே சமன்பாடு. ஆனால் காலத்தின் அளவுகோல் முந்நூறு மடங்குக்கு மேல் மாறிவிட்டது. வருடம் முழுவதும் ஒரே படி அளவு வைத்தால், வெள்ளத்துக்குப் பொருந்தும் படி கோடையில் வீண்; கோடைக்குப் பொருந்தும் படி வெள்ளத்தில் ஆபத்து.

கெடிலம் ஆற்றில் குறுக்குவெட்டு அளவெடுப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? கரைச் சரிவில் அரை மீட்டருக்கு ஒருமுறை ஸ்டாஃப் என்ற அளவுகோலை ஊன்றுவார்கள். தட்டையான மணற்படுகையில் ஐந்து மீட்டர், பத்து மீட்டர் என்று தாவிப் போவார்கள். யாரும் அவர்களுக்குச் சூத்திரம் சொல்லித் தரவில்லை. எதிரே இருப்பது சரிவா சமதளமா என்று கண்ணுக்குத் தெரிகிறது. கணினி நிரலுக்கு அந்தக் கண் இல்லை. இன்னும் நடந்திராத பாதையில் சரிவு இருக்கிறதா என்று அது எப்படி அறியும்? ஒரே இடத்தை இரண்டு விதமாக அளந்து, இரண்டு அளவுகளும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்த்து அறியும். தகவமைப்பு முறைகள் அத்தனைக்கும் அடிப்படை இதுதான்.

கையாலேயே ஒரு படி போட்டுப் பார்க்கலாம். ஓர் அளவு, அதன் இரு மடங்கு வேகத்தில் குறைகிறது. தொடக்க மதிப்பு 1. படியின் தொடக்கத்தில் உள்ள வேகமே படி முழுவதும் நீடிக்கும் என்று வைத்துக்கொள்ளும் மிகப் பழைய ஆய்லர் முறையில் 0.1 படி ஒன்றை எடுத்தால் விடை 0.8. அதே தூரத்தை 0.05 அளவுள்ள இரண்டு அரைப்படிகளாக நடந்தால் 0.9 பெருக்கல் 0.9, அதாவது 0.81. வித்தியாசம் 0.01. சரியான விடை 0.8187. ஆகவே அரைப்படி விடையில் உள்ள உண்மையான பிழை 0.0087. நாம் இரண்டு விடைகளைக் கழித்துப் பெற்றதோ 0.01. சரியான விடையைப் பார்க்காமலே பிழையை ஏறக்குறைய பிடித்துவிட்டோம்! கையில் விடை இல்லாமலே தவறின் அளவு தெரிவதில் ஒரு மந்திரவித்தைக்காரத்தனம் இருக்கிறது. எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இப்போது நீங்கள் பொறுத்துக்கொள்ளும் பிழை 0.001 என்று வைத்துக்கொள்வோம். இந்தப் படியில் வந்திருப்பது அதைப்போலப் பத்து மடங்கு. படியைத் தள்ளிவிட வேண்டியதுதான். நிராகரித்துவிட்டு எவ்வளவு சிறிதாக்குவது? ஆய்லர் முறையில் ஒரு படியின் பிழை படி அளவின் வர்க்கத்தைப் போலக் குறையும். பிழை பத்தில் ஒன்றாக வேண்டுமென்றால் படியைப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும்: 0.0316. கணிப்பு மயிரிழையில் தவறினால் மறுபடியும் நிராகரிக்க வேண்டி வருமே என்று 0.9 ஆல் பெருக்கிக்கொள்வார்கள்: 0.028. போட்டுப் பாருங்கள். முழுப் படியில் 0.944, அரைப்படிகளில் 0.944784. வித்தியாசம் 0.00078. தேர்ச்சி. பிழை மிகக் குறைவாக வந்தால் இதே சூத்திரம் அடுத்த படியைப் பெரிதாக்கும். ஒரேயடியாகத் தாவிவிடாமல் இருக்க மேலும் கீழும் வரம்பு உண்டு. சைபையில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஐந்தில் ஒன்றுக்குக் கீழே இறங்காது, பத்து மடங்குக்கு மேலே ஏறாது.

இரண்டு முறை நடப்பது செலவு. நான்காம் வரிசை ரூங்கே-குட்டாவில் முழுப் படியும் அரைப்படிகளும் சேர்ந்தால் சமன்பாட்டை 11 முறை மதிப்பிட வேண்டும். இந்தச் செலவைக் குறைத்தவர்களில் முக்கியமானவர் நாசாவில் பணியாற்றிய எர்வின் ஃபெல்பெர்க். ஆறே மதிப்பீடுகளை ஒரு விதமாகக் கூட்டினால் நான்காம் வரிசை விடை, வேறு விதமாகக் கூட்டினால் ஐந்தாம் வரிசை விடை கிடைக்கும்படி எண்களைத் தேர்ந்தெடுத்து, 1969இல் வெளியிட்டார். வரிசை உயர்ந்தால், படியைச் சிறிதாக்கும்போது பிழை இன்னும் வேகமாகக் குறையும். இரண்டையும் கழித்தால் பிழை. மெர்சன் 1957இலேயே இதே யோசனையைத் தொட்டிருந்தார். ஆனாலும் பரவலானது ஃபெல்பெர்க்கின் எண்கள்தான். 1980இல் டோர்மண்ட், பிரின்ஸ் இருவரும் இன்னொரு எண் தொகுதியைத் தந்தார்கள். அதில் ஏழு மதிப்பீடுகள். ஆனால் கடைசி மதிப்பீடே அடுத்த படியின் முதல் மதிப்பீடாகிவிடுவதால் உண்மையில் ஆறுதான். மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளின் ஓடிஈ45, நீங்கள் பயன்படுத்திய சைபையின் ஆர்கே45 இரண்டுமே இந்தத் தொகுதிதான். ரூங்கே 1895இலும் குட்டா 1901இலும் எழுதியதன் பேரப்பிள்ளைகள் என்று சொல்லலாம்.

இனி உங்கள் துப்புக்கு வருவோம். இந்த முறையில் ஒரு படியின் பிழை படி அளவின் ஐந்தாம் அடுக்கைப் போல மாறுகிறது. டாலரன்ஸை ஆயிரம் மடங்கு தளர்த்தினால், ஆயிரத்தின் ஐந்தாம் மூலம் கிட்டத்தட்ட 4. அதாவது படிகள் நான்கு மடங்கு நீள வேண்டும். ஓட்ட நேரம் நான்கில் ஒன்றாக வேண்டும். உங்களுக்கு அசையவே இல்லை. அப்படியானால் உங்கள் படி அளவைக் கட்டிப்போட்டிருப்பது துல்லியம் அல்ல. வேறு ஏதோ அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

அதன் பெயர் ஸ்டிஃப்னெஸ்: மிக வேகமாக அடங்கும் ஒன்றும் மெதுவாக மாறும் ஒன்றும் ஒரே கணக்கில் சேர்ந்திருப்பது. தமிழில் விறைப்பு என்று எழுதுகிறார்கள்; வகுப்பில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. தன் மதிப்பைப்போல நூறு மடங்கு வேகத்தில் அழியும் ஓர் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். 0.03 நேரத்தில் அது 1இலிருந்து 0.05க்கு இறங்கிவிடும், பிறகு பூச்சியம்தான். ஆய்லர் முறையில் 0.03 படி வைத்தால் ஒவ்வொரு படியிலும் மதிப்பு மைனஸ் 2 ஆல் பெருக்கப்படும்: 1, மைனஸ் 2, 4, மைனஸ் 8, 16. அழிந்துபோக வேண்டியது பேயாட்டம் ஆடுகிறது. 0.02க்குக் கீழே படி வைத்தால்தான் அடங்கும். நான்காம் வரிசை ரூங்கே-குட்டாவுக்கு இந்த எல்லை கொஞ்சம் பெரியது: வேகத்தால் வகுக்கப்பட்ட 2.785. டோர்மண்ட்-பிரின்ஸுக்குச் சுமார் 3.3. வரிசையை உயர்த்தி இதிலிருந்து தப்ப முடியாது.

உங்கள் இடைநிலைப் பொருளின் ஆயுள் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அழிவு வேகம் 1000. உங்கள் முதல் நிரலின் எல்லை 0.0028 வினாடி. 1 வினாடியில் வெடித்ததும், 0.001இல் பிழைத்ததும் இதனால்தான். ஆர்கே45க்கு 0.0033 வினாடி. மூன்று மணி நேரம் என்பது 10,800 வினாடி. ஆகவே நீங்கள் டாலரன்ஸை என்னவாக வைத்தாலும் ஏறத்தாழ 33 லட்சம் படிகள், 2 கோடி மதிப்பீடுகள். இத்தனைக்கும் அந்த இடைநிலைப் பொருள் முதல் கண்சிமிட்டலிலேயே அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு வெப்பநிலைக் கோடு மெதுவாக, நேராக ஊர்ந்துகொண்டிருக்கிறது. செத்த பாம்பைப் பார்த்துப் பயந்து மூன்று மணி நேரமும் அடிமேல் அடி வைத்து நடக்கிறது உங்கள் நிரல்.

இது என் ஊகமாகவே இருக்க வேண்டியதில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நான் யாருக்கும் சொல்லும் முதல் அறிவுரை இதுதான்: விடையை வரைவதற்கு முன் படி அளவை வரையுங்கள். நேரம் கிடைமட்டத்தில், படி அளவு செங்குத்தில், மடக்கை அளவுகோலில். விடை ஆடும் இடத்தில் படி சிறுத்து, அமைதியான இடத்தில் பெருத்தால் ஆரோக்கியம். விடை சமதளமாக இருக்கும் இடத்திலும் படி ஒரே உயரத்தில், ரம்பப் பல் போலச் சின்னச் சின்னதாக ஏறி இறங்கிக்கொண்டு, அடிக்கடி நிராகரிப்போடு கிடந்தால் அது விறைப்பு. ஓரிடத்தில் மட்டும் கிணறு போலச் சட்டென்று இறங்கி ஏறினால் அங்கே வால்வோ பம்போ மாறியிருக்கிறது. வைத்தியர் நாடி பார்ப்பதைப் போலத்தான் இது. சைபையில், விடை வேண்டிய நேரங்களை நீங்கள் குறித்துக் கொடுக்காமல் விட்டால், திரும்பி வரும் நேரப் பட்டியலில் அடுத்தடுத்த இரண்டின் வித்தியாசமே படி அளவு. மேட்லேபின் ஓடிஈ45இல் கவனம் தேவை: அது ஒவ்வொரு படிக்கும் நான்கு புள்ளிகளைத் தருகிறது, ரிஃபைன் என்ற அமைப்பை 1 ஆக்கிவிட்டுப் பாருங்கள்.

மருந்து மறைமுக முறைகள். ஆய்லர் முறையிலேயே, படியின் தொடக்கத்தில் உள்ள வேகத்துக்குப் பதில் படியின் முடிவில் இருக்கப்போகும் வேகத்தைப் பயன்படுத்துவது. மேலே சொன்ன அதே 0.03 படியில் இப்போது ஒவ்வொரு தடவையும் மதிப்பு 4 ஆல் வகுக்கப்படும்: 1, 0.25, 0.0625. எவ்வளவு பெரிய படி வைத்தாலும் வெடிக்காது. விலை என்ன? முடிவில் உள்ள மதிப்பு இன்னும் தெரியாததால் ஒவ்வொரு படியிலும் ஒரு சமன்பாட்டுத் தொகுதியை நியூட்டன் முறையில் தீர்க்க வேண்டும்; அதற்கு, ஒவ்வொரு மாறியும் அசையும்போது ஒவ்வொரு சமன்பாடும் எவ்வளவு மாறும் என்று சொல்லும் ஜேக்கோபியன் அணி வேண்டும். ஐந்து சமன்பாட்டுக்கு இது ஒன்றுமே இல்லை. ஐயாயிரம் இருந்தால் யோசிக்க வேண்டும்.

இந்தச் சிக்கலைக் கண்டு பெயர் வைத்தவர்கள் உங்கள் துறையை ஒட்டியவர்கள்தான்: 1952இல் கர்ட்டிஸ், ஹிர்ஷ்ஃபெல்டர் என்ற இரு வேதியியலாளர்கள். 1963இல் ஸ்வீடன் நாட்டு டால்கிஸ்ட் இதன் கணிதத்தைத் தெளிவாக்கினார். 1971 வாக்கில் கியர், பின்னோக்கு வேறுபாட்டுச் சூத்திரங்களை (சுருக்கமாக பிடிஎஃப்) வைத்துப் படியையும் வரிசையையும் சேர்த்தே மாற்றும் நிரலைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உங்கள் சைபையில் பிடிஎஃப், ராடாவ் என்ற பெயர்களில் மறைமுக முறைகள் இருக்கின்றன. எல்எஸ்ஓடிஏ என்பது விறைப்பு இருக்கிறதா என்று தானே பார்த்து முறையை மாற்றிக்கொள்வது. லிண்டா பெட்சோல்ட் 1983இல் தந்த யோசனை. உங்கள் நிரலில் முறையின் பெயர் இருக்கும் அந்த ஒரு சொல்லை மாற்றுங்கள். 33 லட்சம் படி சில நூறாகக் குறையும் என்று எதிர்பார்க்கிறேன்.

மாற்றிய பிறகு டாலரன்ஸ் உண்மையாகவே வேலை செய்யத் தொடங்கும். அங்கே உங்களுக்கு இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. டாலரன்ஸ் இரண்டு உண்டு: சார்பு, தனி. ஒவ்வொரு மாறியிலும் அனுமதிக்கப்படும் பிழை என்பது தனி டாலரன்ஸோடு, சார்பு டாலரன்ஸை அந்த மாறியின் அளவால் பெருக்கிக் கூட்டியது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் சைபை, மேட்லேப் இரண்டுமே சார்புக்கு ஆயிரத்தில் ஒன்று, தனிக்குப் பத்து லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளும். 350 கெல்வின் வெப்பநிலைக்கு 0.35 கெல்வின் பிழை சரிதான் என்று அதற்குப் பொருள். வெப்பம் கட்டுமீறி ஏறும் வினையில் அது சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இடைநிலைப் பொருளின் செறிவு ஒரு கோடியில் ஒரு பங்கு என்றால் நிலைமை இன்னும் மோசம். அனுமதித்த பிழையே அதன் அளவைப்போலப் பத்து மடங்கு. நிரல் அந்தப் பொருளைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மைனஸ் செறிவு வருகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் இதுதான்.

ராபர்ட்சன் 1966இல் தந்த மூன்று பொருள் வினைக் கணக்கு இதற்கு நல்ல பயிற்சி. வினை வேக மாறிலிகள் 0.04, பத்தாயிரம், 3 கோடி. சிறியதற்கும் பெரியதற்கும் 75 கோடி மடங்கு வித்தியாசம். நடுப் பொருளின் செறிவு ஒரு லட்சத்தில் நான்கு பங்கைக்கூட எட்டுவதில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் தனி டாலரன்ஸை நுணுக்கமாக வைத்தால்தான் அதன் கோடு ஒழுங்காக வரும். தனி டாலரன்ஸை ஒரே எண்ணாகத் தராமல் மாறிக்கு ஒன்றாகப் பட்டியலிடலாம் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. ஒவ்வொரு மாறியிலும் "இதற்குக் கீழே இருந்தால் எனக்குக் கவலை இல்லை" என்று நீங்கள் நினைக்கும் அளவு எதுவோ அதுவே அதன் தனி டாலரன்ஸ்.

இப்போது என் சொந்தத் தோல்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குளிர்நீர் வால்வுக்கு அது வேண்டியிருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், பெயர் வேண்டாம், ஓர் ஆலையின் கழிவுநீரை நடுநிலையாக்கும் தொட்டிக்கு மாதிரி எழுதினேன். ஃபோர்ட்ரானில் ஃபெல்பெர்க் முறை. தொட்டி மணிக்கணக்காக அமைதியாக இருக்கும். பிறகு காஸ்டிக் சோடா வால்வு 40 வினாடி திறந்து மூடும். அதன்பின் அமிலத்தன்மை இறங்க வேண்டும். என் நிரல் அழகான, வழவழப்பான கோட்டைத் தந்தது. நிராகரிப்பே இல்லை. பெருமையோடு அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். இருபது வருடம் அந்தத் தொட்டியோடு வாழ்ந்த ஆபரேட்டர் ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், நான் வால்வைத் திறந்தது இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

எங்கேயும் இல்லை. அமைதியான நேரத்தில் என் படி 12 நிமிடத்துக்கு, அதாவது 720 வினாடிக்கு, வளர்ந்துவிட்டிருந்தது. ஃபெல்பெர்க் முறை ஒரு படிக்குள் குறிப்பிட்ட இடங்களில்தான் எட்டிப் பார்க்கும்: தொடக்கம், 180, 270, 360, 665, 720ஆம் வினாடிகள். என் வால்வு அந்தப் படியின் 300ஆம் வினாடியில் திறந்து 340இல் மூடிவிட்டது. 270க்கும் 360க்கும் நடுவே. எட்டிப் பார்த்த ஆறு இடங்களிலும் வால்வு மூடியே இருந்தது. ஆகவே நான்காம் வரிசை விடையும் ஐந்தாம் வரிசை விடையும் அச்சு அசலாக ஒத்துப்போயின. பிழை கிட்டத்தட்டப் பூச்சியம். பிழை மதிப்பீடு பொய் சொல்லவில்லை. அது பார்க்காத இடத்தைப் பற்றி நான் அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். டாலரன்ஸை இன்னும் நூறு மடங்கு இறுக்கியிருந்தாலும் அன்று வால்வு பிடிபட்டிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

ஆகவே நேரம் முன்கூட்டியே தெரிந்த மாற்றம் என்றால் அங்கே கணக்கை வெட்டுங்கள். வால்வு திறக்கும் வரை ஓர் ஓட்டம், அங்கே கிடைத்த மதிப்புகளைத் தொடக்கமாக வைத்து மூடும் வரை அடுத்த ஓட்டம், பிறகு மூன்றாவது. உங்கள் வால்வு வேறு வகை. வெப்பநிலை 80ஐத் தொடும் நேரம் முன்பே தெரியாது. அதற்கு நிகழ்வு கண்டறியும் வசதி இருக்கிறது. வெப்பநிலையிலிருந்து 80ஐக் கழித்துத் தரும் சிறு ஃபங்ஷனை நீங்கள் கொடுத்தால், படிக்குப் படி அதன் குறி மாறுகிறதா என்று நிரல் பார்க்கும். மாறினால் அந்தப் படிக்குள் இடைமதிப்பு கண்டு சரியான நொடியைத் தேடிப் பிடித்து நிறுத்தும். நிறுத்தச் சொல்ல மறக்காதீர்கள். சைபையில் அதைத் தனியாகக் குறிக்க வேண்டும். நின்றதும் வால்வைத் திறந்த சமன்பாட்டோடு மீண்டும் தொடங்குங்கள். சமன்பாட்டுக்குள்ளேயே "80க்கு மேல் போனால்" என்று நிபந்தனை எழுதிவிட்டு ஓட்டினாலும் ஏதோ ஒரு விடை வரும். ஆனால் அந்த முனையில் நிரல் முட்டி மோதிப் பத்துப் பதினைந்து முறை நிராகரித்துத் திணறும். கூடவே, பெரிய படியில் வெப்பநிலை 80ஐத் தொட்டுவிட்டு அதே படிக்குள் திரும்பிவிட்டால் குறி மாற்றமே தெரியாமல் போகலாம். அதற்குக் காவலாக அதிகபட்சப் படி அளவுக்கு வரம்பு வையுங்கள். உங்கள் கலனுக்கு 30 வினாடி போதும் என்று நினைக்கிறேன்.

ஆலைக் கட்டுப்பாடு படித்திருப்பீர்கள் என்பதால் ஒரு சிறு பக்கச்செய்தி. படியை மாற்றும் சூத்திரத்தை மடக்கையில் எழுதிப் பாருங்கள். பிழைக்கும் இலக்குக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்துக்கொண்டே போகும் வெறும் இன்டக்ரல் கன்ட்ரோலர் அது! வெறும் இன்டக்ரல் ஆடும் என்பது உங்களுக்குத் தெரியும். விறைப்பான கணக்கில் தெரியும் ரம்பப் பல் அந்த ஆட்டம்தான். 1988இல் குஸ்டாஃப்சன், லுண்ட், சோடர்லிண்ட் மூவரும் அதோடு ப்ரொப்போர்ஷனல் பகுதியையும் சேர்த்து ஆட்டத்தை அடக்கினார்கள். கலனின் வெப்பநிலையைப் பிடித்துவைக்கும் அதே பிஐ கன்ட்ரோலர்தான் அந்தக் கலனைக் கணிக்கும் நிரலின் படியையும் பிடித்துவைக்கிறது.

தகவமைப்பு எல்லா இடத்துக்கும் மருந்தில்லை. ஆலையில் உள்ள கன்ட்ரோலருக்குள் மாதிரியை ஓட்டுவதானால் ஒவ்வொரு சுற்றும் குறித்த நேரத்துக்குள் முடிய வேண்டும். அங்கே நிலையான படிதான். கோள்களின் பாதையைப் பல லட்சம் சுற்றுக்குக் கணிக்கிறவர்கள் ஆற்றல் கசியாமல் இருக்கத் தனி வகை முறைகளை வைத்திருக்கிறார்கள். படியைக் கண்டபடி மாற்றினால் அந்தச் சிறப்பு போய்விடும். உங்களுக்கு நாளை தேவைப்படக்கூடியது மூன்றாவது: வினை மாறிலிகளைச் சோதனை அளவுகளோடு பொருத்தப்போகிறீர்கள் என்றால், மாறிலியை இம்மியளவு மாற்றும்போது நிரல் தன் படிகளையும் மாற்றிக்கொள்ளும், விடையில் டாலரன்ஸ் அளவுக்கு நடுக்கம் வரும். அந்த நடுக்கத்தைச் சரிவு என்று எண்ணிப் பொருத்தும் நிரல் திசை தப்பும். அப்போது மட்டும் டாலரன்ஸை நன்றாக இறுக்கிக்கொள்ளுங்கள்.

விடையை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாலரன்ஸ் என்பது ஒரு படிக்கான வாக்குறுதி மட்டுமே. மூன்று மணி நேரம் கழித்துச் சேர்ந்திருக்கும் மொத்தப் பிழைக்கு அது பொறுப்பேற்பதில்லை. வெப்பம் கட்டுமீறி ஏறும் தறுவாயில் சிறு பிழை பெருகும். எல்லாம் அடங்கும் தறுவாயில் தானே கரையும். அதனால் நான் செய்வது இது: ஒரு முறை ஓட்டுவேன். இரண்டு டாலரன்ஸையும் பத்து மடங்கு இறுக்கி மறுபடி ஓட்டுவேன். உச்ச வெப்பநிலையும் அது வந்த நேரமும் எத்தனை இலக்கம் ஒத்துப்போகின்றனவோ, அத்தனை இலக்கத்தை மட்டும் அறிக்கையில் எழுதுவேன். முடிந்தால் ராடாவ், பிடிஎஃப் இரண்டிலும் ஓட்டி ஒப்பிடுவேன். இரண்டும் வேறு வேறு குணம் உள்ளவை. சேர்ந்து ஒரே தவறைச் செய்வது அரிது.

அதே சமயம், டாலரன்ஸில் பன்னிரண்டு பூச்சியம் போட்டுவிட்டுத் துல்லியம் என்று மார்தட்டுவதும் எனக்குப் பிடிக்காது. உங்கள் கிளர்வு ஆற்றல், அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை, எந்த அளவுக்குச் சரியாகத் தெரியும்? ஐந்து விழுக்காடு முன்னே பின்னே இருக்கலாம் என்றால், அந்த எண்ணில் தொடங்கிய கணக்கைப் பத்தாவது தசம இடம் வரை கணிப்பது, மளிகைக் கடைத் தராசில் நிறுத்த பருப்பைத் தங்கத் தராசில் மறுபடி நிறுப்பது. இந்தக் கணக்குக்குச் சார்பு டாலரன்ஸ் பத்து லட்சத்தில் ஒன்று, வெப்பநிலைக்குத் தனி டாலரன்ஸ் ஆயிரத்தில் ஒரு டிகிரி, செறிவுகளுக்கு ஒவ்வொன்றின் உச்சத்தில் பத்து லட்சத்தில் ஒன்று என்று தொடங்குங்கள். கிளர்வு ஆற்றலை ஐந்து விழுக்காடு மேலும் கீழும் மாற்றி இரண்டு ஓட்டம் ஓட்டுங்கள். உச்ச வெப்பநிலை அதில் எவ்வளவு நகர்கிறது என்பதைத் தேர்வாளர் கட்டாயம் கேட்பார்; கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

முறையை மாற்றி ஓட்டியதும் படி அளவு வரைபடத்தை அனுப்புங்கள், பார்க்கிறேன். அதில் 80 டிகிரி வரும் இடத்தில் ஒரே ஒரு கிணறு இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் வால்வு திறந்ததும் வெப்பநிலை இறங்கி, அது மூடி, மறுபடி திறக்கிறது என்று பொருள். திறக்க 80, மூட 78 என்று இடைவெளி விட்டு எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் சரிபாருங்கள்.